ஒரு புத்தகப் படிப்பு

இலக்கிய விமரிசனம் செய்கிறவர்கள் அரிச்சுவடியைப் பற்றி எழுதுவதில்லை. காவியம், நாவல், சிறுகதை, நாடகம் என்று வகை பிரித்துக்கொண்டு உட்காருகிற நமக்கு, ஒரு மனிதப் பிறவி முதன் முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற புத்தகம் இலக்கியமாகப் படுவதில்லை. அது வாத்தியார்கள் பாடு என்று விட்டுவிடுகிறோம். ஐந்து வயதில் படிக்கத் தொடங்கிய நமக்கு முதல் புத்தகத்தின் ஞாபகமே இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். முப்பது வயதில், கல்யாணமாகி நாலு குழந்தைகள் பெற்ற பிறகு, ஒருத்தி படிக்க உட்காருகிறாள் என்றால் அவளுக்கு அந்த முதல் புத்தகம் சாமானிய விஷயம் அல்ல. பல பேருடைய விஷயத்தில் அதுவே கடைசிப் புத்தகமும் ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட புத்தகத்தை விமரிசனத்துக்கு அப்பாற்பட்டது என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எழுத்து மறுக்கப்பட்ட சமூகங்களிலே, அவற்றிலும் பின் வரிசையில் நிற்கிற பெண்களுக்கு, மதத்தின் பேரால், அவர்கள் தாய்மொழியிலேயே நடத்தப்படும் எழுத்தறிவு வகுப்புகளைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. மதத்தில் ஆள் சேர்க்க எழுத்தைத் தூண்டில் புழுவாக உபயோகிக்கிறார்கள் என்பது ஒன்று. எந்த நோக்கத்தோடு கொடுத்தால் என்ன, எழுத்து எழுத்துதானே, விளக்கை யார் ஏற்றினாலும் வெளிச்சம் வெளிச்சந்தான் என்பது மற்றொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் உரக்கப் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பெண் கையில் இருக்கும் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டு கட்சியிலும் குறைவு. அதைப் படித்து முடித்த பிறகு அவள் என்ன எழுதினாள் என்று கேட்டவர்கள் இன்னும் குறைவு.

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதற்கு மராத்தி இலக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே சாட்சியம் தெளிவாக இருக்கிறது. மராத்தியை மூலத்தில் படித்து ரஸிக்கும் அளவுக்கு எனக்குப் பாஷை தெரியாது; ஆங்கிலப் பெயர்ப்புகளின் துணை கொண்டுதான் பேசுகிறேன். சொல்லின் ஓசையைப் பற்றி நான் சொல்ல முடியாது. சொன்ன விஷயத்தின் போக்கையும், அதைச் சொன்ன மனசின் போக்கையும் பற்றிச் சொல்லலாம்.

முதலாவது சாட்சி ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். பெயர் முக்தாபாய். மாங் ஜாதி, தீண்டத்தகாதவர்களிலும் கடைசிப் படியில் வைக்கப்பட்டிருந்த ஜாதி. ஜோதிராவ் புலேயும் அவர் மனைவி சாவித்ரிபாயும் 1848இல் பூனாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கி, பிறகு மகார், மாங் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் வைத்தார்கள். அங்கே படித்தவள் இவள். 1855இல், சுமார் பதினான்கு வயதில், மாங் மகார் மக்களின் துக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அதை வெளியிட்டது 'ஞானோதயா' என்ற பத்திரிகை. அமெரிக்கப் பாதிரிமார்கள் 1842இல் தொடங்கிய பத்திரிகை அது. புலேயின் பள்ளி பாதிரிப் பள்ளி அல்ல. ஆனால் புலே ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் படித்தவர். ஆகவே இந்தப் பெண்ணின் எழுத்துக்கு முன்னும் பின்னும் மதத்தின் நிழல் விழுந்துதான் இருந்தது.

அந்த நிழலை அவள் என்ன செய்தாள் என்பதில்தான் ரஸம் இருக்கிறது. வேதம் எங்களுக்கே சொந்தம், நீங்கள் பார்க்கக் கூடாது என்று பிராமணர்கள் சொல்கிறார்கள்; அப்படியானால் எங்களுக்கு வேதம் இல்லை; வேதம் இல்லாதவர்களுக்கு மதம் ஏது? முகம்மதியருக்கு ஒரு புத்தகம் இருக்கிறது, ஆங்கிலேயருக்கு ஒரு புத்தகம் இருக்கிறது, அவர்கள் அதன்படி நடக்கிறார்கள். எங்களுடைய மதம் எது என்று கடவுளையே கேட்கிறேன் என்கிற பாவனையில் அவள் வாதம் போகிறது. வக்கீல் மூளை. எதிராளி சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டு, அதன் முடிவுக்கு அவனையே இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிறாள். பிறகுதான் துக்கங்களைச் சொல்கிறாள். பேஷ்வாக்கள் காலத்தில் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் தன் ஜனங்கள் எண்ணெயும் செந்தூரமும் ஊட்டிப் புதைக்கப்பட்டது; கூரையில்லாத இடத்தில் தன் ஜாதிப் பெண்கள் பிரசவிப்பது. இவற்றை அவள் அழுது சொல்லவில்லை. கணக்குக் கொடுப்பதுபோலச் சொல்கிறாள். கடைசியில் தன் ஜனங்களைப் பார்த்து, படிப்பு என்கிற மருந்தைச் சாப்பிடுங்கள் என்று சொல்லி முடிக்கிறாள்.

இதை நான் இலக்கியம் என்று சொல்லத் தயங்கவில்லை. பரிதாபத்தைத் தூண்டுவதற்காக எழுதிய கட்டுரை என்று இரண்டாம் பேருக்குத் தோன்றலாம். வாதம் முதலில், துக்கம் பின்னால் என்று அவள் வைத்திருக்கிற வரிசையே அது அப்படியல்ல என்று காட்டுகிறது. துக்கத்தை முதலில் வைத்திருந்தால் படிப்பவன் இரக்கப்பட்டுவிட்டு எழுந்து போயிருப்பான். வாதத்தை முதலில் வைத்ததால் அவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாகிறான். பதினான்கு வயதில் இந்த வரிசையை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

பாதிரிமார்கள் பத்திரிகை இதை ஏன் போட்டது என்று கேட்கலாம். இந்து மதத்தைக் குறை சொல்கிறது, அதனால் போட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது ஓரளவு சரியாகவும் இருக்கும். ஆனால் கட்டுரையைக் கவனித்துப் படித்தால் அது கிறிஸ்தவத்தில் போய் முடியவில்லை. எங்களுக்கு மதம் எது என்ற கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. அச்சுப் போட்டவர்களுக்கு அனுகூலமான விடையை அவள் சொல்லவில்லை. அவளுக்குப் பிறகு அவள் எழுதியதாக வேறொன்றும் நமக்குக் கிடைக்கவுமில்லை. ஒரே ஒரு கட்டுரை, பிறகு மௌனம். இந்த மௌனத்தை நான் பிறகு பார்க்கிறேன்.

இரண்டாவது சாட்சி மிகவும் பெரிய மனுஷி. பண்டித ரமாபாயைப் பற்றித் தமிழர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1858இல் பிறந்தவர். தகப்பனார் அனந்த சாஸ்திரி தம் மனைவிக்கு ஸமஸ்கிருதம் கற்றுக்கொடுத்த காரணத்தால் வைதிகர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தவர். தாயார் லட்சுமிபாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்தார். குடும்பமே க்ஷேத்திரம் க்ஷேத்திரமாக நடந்து, கோவில்களில் புராணம் படித்து, ஜனங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாழ்ந்தது. மதராஸ் ராஜதானியிலே 1870களில் வந்த பஞ்சத்தில் தாயும் தகப்பனும் செத்துப்போனார்கள். 1878இல் கல்கத்தாவில் இவருடைய ஸமஸ்கிருதப் புலமையைக் கண்டு பண்டிதை, சரஸ்வதி என்று பட்டம் கொடுத்தார்கள். 1883இல் இங்கிலாந்தில் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார்.

புராணம் படித்த அந்த நாட்களைப் பற்றி அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இவர்கள் ஸமஸ்கிருதத்தில் படிப்பார்கள். கேட்கிற ஜனங்களுக்கு அது புரியாது. புரிய வைக்கிற வழக்கமும் இல்லை. காதில் விழுந்தாலே புண்ணியம் என்று கேட்டுவிட்டுப் பூவும் பழமும் காசும் வைத்துவிட்டுப் போவார்கள். ரமாபாயின் வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்கள் அவருடைய மத மாற்றத்தையும், 1893இல் சாரதா சதனத்தை முன்னிட்டுப் பூனாவில் நடந்த சண்டையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், அவருடைய எழுத்து வாழ்க்கையின் திறவுகோல் அந்தப் புராணப் படிப்பில் இருக்கிறது. புரியாத பாஷையைப் படித்துக் காட்டி வயிறு வளர்க்க நேர்ந்த ஒரு புத்திசாலிப் பெண், ஒரு நாள் அதற்குப் பிராயச்சித்தம் தேடத்தான் செய்வாள்.

ஐக்கிய அமெரிக்க நாட்டு மக்களைப் பற்றி 1889இல் அவர் மராத்தியில் ஒரு புத்தகம் எழுதினார். யாத்திரை நூல்தான், ஆனால் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவர் எழுதியது அல்ல. அங்கே பெண்கள் எப்படிச் சங்கம் சேர்ந்தார்கள், எப்படிக் கல்லூரிகளுக்குள் புகுந்தார்கள், நீக்ரோக்களுக்கும் செவ்விந்தியர்களுக்கும் அந்த ஜனநாயகம் என்ன செய்தது என்றெல்லாம் துருவிப் பார்த்து எழுதுகிறார். கேலியும் உண்டு, கோபமும் உண்டு. ஸமஸ்கிருதத்தில் ஊறிய, தன் பலத்தைத் தானே அறிந்த ஓர் ஆசிரியரின் வசனம் அது. அதே வழியில் அவர் போயிருந்தால் மராத்தி வசன இலக்கியத்தின் முதல் வரிசைக்காரர்களில் ஒருவராகியிருப்பார்.

அவர் அந்த வழியில் போகவில்லை. 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் போய் முந்நூறு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பூனாவுக்குக் கிழக்கே கேட்காவில் முக்தி சதனம் வளர்ந்தது. 1900இல் குஜராத் பஞ்சம். மேலும் பல நூறு பேர். விதவைகள், அநாதைகள், குருடிகள், கெட்டுப்போனவள் என்று ஊர் துரத்தியவர்கள், எல்லா ஜாதிகளும். அவர்களுக்குச் சோறு, துணி, நெசவு, எண்ணெய் ஆட்டுதல், தோட்ட வேலை, இவற்றோடு எழுத்தும் வேதமும். குருடிகளுக்குத் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தை அவர் மகள் மனோரமா கற்றுக்கொடுத்தார். இந்தப் பெண்கள் கையில் கொடுக்கும்படியான பைபிள் இல்லை என்று ரமாபாய்க்குப் பட்டது. அப்போது வழங்கிய மராத்திப் பெயர்ப்பு கடினமான ஸமஸ்கிருதச் சொற்கள் நிறைந்தது; அந்தச் சொற்களோடு பழைய தத்துவங்களின் அர்த்தமும் சேர்ந்து வந்துவிடுகிறது; படிப்பில்லாத பெண்ணுக்கு அது விளங்காது, விளங்கினாலும் வேறுவிதமாக விளங்கும் என்பது அவர் கட்சி. ஆகவே எபிரேயமும் கிரேக்கமும் தாமே கற்றுக்கொண்டு முழு பைபிளையும் எளிய மராத்தியில் பெயர்த்தார். 1922 ஏப்ரலில் சாவதற்குச் சற்று முன்வரை அந்த வேலைதான். முக்தி சதனத்துப் பெண்களே எழுத்துக் கோத்து அச்சடித்து, புத்தகம் 1924இல் வெளிவந்தது. ஒரு பெண் தன்னந்தனியாக முழு பைபிளையும் மொழிபெயர்த்தது உலகத்திலேயே அபூர்வமான காரியம்.

இந்தத் தியாகத்தின் முன் விமரிசகன் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. தன் நடையையே ஒருவர் தன் வாசகருக்காகத் துறந்தார் என்றால், அந்தத் துறவு வாசகருக்கு என்ன கொடுத்தது என்று கேட்பதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை.

ரமாபாயின் கொள்கையில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. சொல் எளிதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. சொல் சுத்தமாக, அதாவது பழைய மதத்தின் வாடை இல்லாததாக, இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றே என்று அவர் எண்ணினார் போலும். அவை ஒன்றல்ல, சில சமயம் ஒன்றுக்கொன்று விரோதமும்கூட. மராட்டிய நாட்டுக் குடியானவப் பெண் எழுத்து அறியாதவள்தான். ஆனால் பண்டரிபுரத்துக்குப் போகிற வாரகரிக் கூட்டத்தின் பாட்டு அவள் காதில் விழாமல் இருந்ததில்லை. துக்காராமின் அபங்கங்கள் அவளுக்குப் புத்தகம் அல்ல, மூச்சு. தயை, பாவம், பக்தி, முக்தி என்பதெல்லாம் அவளுக்குப் பண்டிதர் சொற்கள் அல்ல. திரிகையில் மாவு அரைக்கும்போது வாயில் வருகிற சொற்கள். பண்டிதையான ரமாபாய்க்கு எந்தச் சொல்லில் உபநிஷத்து வாடை வீசியதோ, அந்தச் சொல்லில் அந்தப் பெண்ணுக்குத் தன் பாட்டியின் குரல் கேட்டிருக்கலாம். அதை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் போட்டால் சுத்தம் வரும். எளிமை வரும் என்று சொல்ல முடியாது. சதனத்துக்கே முக்தி என்று பெயர் வைத்தபோது இதை அவர் உள்ளூர அறிந்துதான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

தமிழில் பைபிளைப் பெயர்த்தவர்களுக்கும் இதே சங்கடம் வந்தது. கடவுளைக் குறிக்க ஒரு சொல்லைத் தேடி இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அலைந்தார்கள். சீகன்பால்கு சர்வேசுரன் என்றார். பெப்ரிசியஸ் பராபரன் என்றார். 1871இல் வந்த ஐக்கியத் திருப்புதல் தேவன் என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் கடவுள் என்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆட்சேபம் உண்டு; ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே ஒரு தெய்வம் குடியிருந்தது. ஆனால் யாரும் குடியிருக்காத சொல் எந்தத் தாய்மொழியிலும் கிடையாது. அப்படி ஒரு சொல் கிடைத்தால் அது தாய்மொழிச் சொல்லாகவே இராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முக்தி சதனத்தில் இருந்த எல்லாருக்கும் மராத்தி தாய்மொழி அல்ல. இந்தி வழங்கும் ஜில்லாக்கள் அடங்கிய மத்திய மாகாணத்திலிருந்து வந்தவர்களும் குஜராத்திலிருந்து வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஆகவே தாய்மொழி எழுத்தறிவு என்று நாம் சொல்லும்போது யாருடைய தாய் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் வகுப்பு நடத்துகிறவரின் தாயாகவே அவள் இருக்கிறாள். மலைஜாதிப் பெண்ணுக்குப் பக்கத்துச் சமவெளியின் மொழியையும், சேரிப் பெண்ணுக்குப் பத்திரிகை மொழியையும் கொடுத்துவிட்டுத் தாய்மொழியில் கற்பித்துவிட்டோம் என்று அறிக்கை எழுதுகிற வழக்கம் முக்தி சதனத்தோடு போய்விடவில்லை.

சபைகளில் பழைய மராத்திப் பெயர்ப்பே நிலைத்தது. ரமாபாயின் பெயர்ப்பு அதைப் பெயர்த்துவிடவில்லை. இதைக் கொண்டு அவர் தோற்றுப்போனார் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகவும் முக்கியமாகப் படுவது அதன் அச்சு. அந்த எளிய மராத்தியைச் சொல் சொல்லாக, எழுத்து எழுத்தாக ஈயத்தில் கோத்தவர்கள் அந்தப் பெண்களே. வாசகராக மட்டும் வைத்துவிடக்கூடிய ஒரு கூட்டத்தைப் புத்தகம் செய்கிறவர்களாக அவர் ஆக்கினார். மொழிபெயர்ப்புக் கொள்கையில் குறை இருக்கலாம். இந்தக் காரியத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது சாட்சி லட்சுமிபாய் திலக். கவிஞர் நாராயண் வாமன் திலக்கின் மனைவி. லோகமான்யர் வேறு, இவர் வேறு. 1868இல் நாசிக் பக்கத்தில் ஒரு சித்பாவன பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். தீட்டுப் பைத்தியம் பிடித்த தகப்பனார், பதினோரு வயதில் கல்யாணம், பள்ளிக்கூடமே இல்லை, எழுத்துக் கற்றுக்கொடுத்தது புருஷன். அந்தப் புருஷன் 1895இல் கிறிஸ்தவராகிவிட்டார். மனைவி சுமார் ஐந்து வருஷம் பிரிந்து வாழ்ந்து, பிறகு சேர்ந்து, தாமும் அந்த மதத்துக்கு வந்தார். இந்த வாழ்க்கையை அவர் எழுதிய 'ஸ்மிருதிசித்ரே' 1934 முதல் 1937 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது. இந்திய மொழிகளில் எழுதப்பட்ட சுயசரிதங்களில் அதற்கு மேலே வைக்க நான் படித்தவற்றில் ஒன்றிரண்டுகூடத் தேறாது.

ஜாதியைப் பொறுத்தவரையில் அவர் முக்தாபாய்க்கு நேர் எதிர்க் கோடியில் பிறந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கவிஞர் வீடு, புத்தகங்கள் நடுவே வாழ்க்கை; அந்த வசதி மாங் பெண்ணுக்கு இல்லை. ஆனாலும் அவரை இங்கே அழைத்ததற்குக் காரணம் உண்டு. எளிமை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள 'ஸ்மிருதிசித்ரே'யைப் பார்க்க வேண்டும். யாருக்காகவோ எளிமைப்படுத்திய எளிமை அல்ல அது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசுகிறவளின் பேச்சு. தகப்பனாரின் தீட்டையும், மாமனாரின் கோபத்தையும், சாமான் வாங்கப் போய்க் காசைத் தானம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் ரகத்தைச் சேர்ந்த புருஷனின் வள்ளல்தனத்தையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். மதம் மாறிய புருஷனைப் பிரிந்த துக்கத்தையும் அதே குரலில் சொல்கிறார். மனுஷர்கள் செய்த ஜாதியை மனுஷர்கள் தாண்டினால் என்ன என்று அவர் மனசு தெளிகிற கட்டத்தில், எந்தப் பாதிரியும் பக்கத்தில் நிற்பதில்லை; யோசனை அவருடையது. மதம் இந்தப் புத்தகம் முழுவதும் இருக்கிறது. பிரசங்கம் இல்லை. புண்ணிய வாக்கியங்களைச் சொல்லிப் பழகிய வாய்க்கு இது வராது.

மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. மதத்தின் பேரால் எழுத்துக் கொடுத்தவர்கள் உலகமெங்கும் படிப்பைக் கொடுத்த அளவுக்கு எழுத்தைக் கொடுக்கவில்லை. படிப்பும் எழுத்தும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சரித்திரத்தில் அவை நீண்ட காலம் பிரிந்தே இருந்தன. சுவீடனில் 1686ஆம் வருஷத்துச் சபைச் சட்டம் குடியானவனும் வேலைக்காரியும் வேத வாசகத்தைப் படித்தே தீர வேண்டும் என்று விதித்தது. பாதிரியார் வீடு வீடாக வந்து பரீட்சை செய்தார். தேசம் முழுவதும் படிக்கக் கற்றது. எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. சாமானியர்கள் எழுதுவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஹன்னா மோர் என்ற அம்மாள், தாமே பெயர்பெற்ற எழுத்தாளர், 1789 முதல் மெண்டிப் மலைப் பக்கத்து ஏழைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகள் வைத்தார். பைபிள் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஏழைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவதில்லை என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்.

இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. படிக்கிறவன் கேட்டுக்கொள்கிறவன், எழுதுகிறவன் பதில் சொல்கிறவன். கேட்டுக்கொள்ள மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும் என்று நினைக்கிற வகுப்பு கையில் பேனாவைக் கொடுக்காது. வங்காளத்து ராஸசுந்தரி தேவியின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது. 'சைதன்ய பாகவத'த்தைப் படிக்க வேண்டும் என்ற பக்தி வெறியில், சமையலறையில் ஒளித்து வைத்த ஓர் ஏட்டைப் பார்த்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் படிக்கக் கற்றுக்கொண்டவர் அவர். எழுத வந்தது பல வருஷம் கழித்து. வெளியூரில் இருந்த மகன், என் கடிதத்துக்கு நீ ஏன் பதில் எழுதுவதில்லை என்று கேட்டதால் வந்தது. படிக்க வைத்தது பக்தி. எழுத வைத்தது பதில் சொல்ல வேண்டிய அவசியம். எழுதிய பிறகுதான் 'ஆமார் ஜீபன்' என்ற அவருடைய சுயசரிதம் வங்காளிக்குக் கிடைத்தது.

அப்படியானால் மதத்தின் பேரால் நடக்கும் வகுப்பே கூடாதா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. பசித்தவளுக்கு முன்னால் நின்று, கொடுக்கிறவன் ஜாதகத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது வயிறு நிறைந்தவன் செய்கிற காரியம். சர்க்காரின் வகுப்புகள் எட்டாத இடங்களுக்குக் கோவில்காரனும் சபைக்காரனும் பள்ளிவாசல்காரனும் போயிருக்கிறார்கள். தவிர, பக்திக்கு ஒரு சக்தி உண்டு. பகல் முழுவதும் நாற்று நட்டுவிட்டு வந்தவளை ராத்திரியில் அரிக்கேன் விளக்கின் முன் உட்காரவைக்க, ரேஷன் கடைப் பலகையைப் படிக்கலாம் என்ற ஆசை காட்டினால் போதாது. அவள் மனசில் ஏற்கெனவே பெரிதாக இருக்கிற ஒன்றைத் தன் கண்ணாலேயே படிக்கப் போகிறாள் என்றால் உட்காருவாள். பக்தி இல்லாமல் ராஸசுந்தரி இல்லை. எங்களுக்கு மதம் எது என்ற கேள்வி இல்லாமல் முக்தாபாய் இல்லை. மதத்தை எடுத்துவிட்டு, சோப்பையும் கொசுவையும் பற்றிய பாடங்களை வைத்த அரிச்சுவடிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பொய் ஒன்றும் இல்லை. படிக்கத் தூண்டுவதும் ஒன்றும் இல்லை.

என் ஆட்சேபம் மதத்தின் மேல் அல்ல, ஒரே புத்தகத்தின் மேல். எந்த மதத்து வகுப்பானாலும் அதை அளக்க மூன்று கேள்விகள் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் புத்தகத்தின் மொழி அவள் வாயில் வருகிற மொழியா, அவள் வாயில் வர வேண்டும் என்று வகுப்பு நடத்துகிறவர் விரும்புகிற மொழியா? இரண்டாவது புத்தகம் அந்த அறையில் இருக்கிறதா? அவள் கையில் பேனா இருக்கிறதா, அதைக் கொண்டு வகுப்பு நடத்துகிறவருக்குப் பிடிக்காத ஒரு வாக்கியத்தை அவள் எழுதினால் அதை அச்சுப் போடுவார்களா? ரமாபாய் முதல் கேள்வியில் தடுமாறினார். பெண்கள் கையில் அச்சுக்கூடத்தையே கொடுத்து மூன்றாவதில் பாதி தூரம் போனார். 'ஞானோதயா'வின் பத்திராதிபர்கள் ஒரு முறை, அந்த 1855இல், மூன்றாவது கேள்வியில் முழுவதுமாகத் தேறினார்கள். லட்சுமிபாய்க்கு மூன்றும் வாய்த்தன. மூன்றும் வாய்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 'ஸ்மிருதிசித்ரே' இருக்கிறது.

இனி முக்தாபாயின் மௌனம். அவ்வளவு கூர்மையான புத்தி ஒரே கட்டுரையோடு நின்றுவிட்டதற்குக் காரணம் ஏட்டில் இல்லை. கல்யாணம், வறுமை, அகால மரணம் என்று நாவலாசிரியன் எதை வேண்டுமானாலும் கற்பித்துக்கொள்ளலாம். அதை நான் செய்யப் போவதில்லை. ஒன்றுமட்டும் சொல்லலாம். அந்தக் கட்டுரை அச்சான பிறகு, அடுத்தது எங்கே என்று அவளிடம் யாராவது கேட்டிருந்தால் அதன் தடயம் ஒரு வரியாவது எங்காவது மிஞ்சியிருக்கும் என்று என் மனசு சொல்கிறது. ஒரு பெண் எழுதக் கற்றுக்கொண்டாள் என்று அதிசயப்பட்டு, அதைப் பத்திரிகையில் போட்டு, நாலு பேருக்குக் காட்டிய பிறகு வகுப்பின் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் இத்தனை பேர் என்று கணக்குக் கொடுக்கிறார்கள். அவர்கள் எழுதியது எங்கே என்று கேட்டால், அதற்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை.